ஓடில்லா நத்தையும் உறங்காப் பிராணியும்

என் அண்ணனுடைய வலது கை துண்டாகிப்போன அந்த வாரத்தில் நான் இரண்டு உயிரினங்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்று ஓடில்லாத ஒரு கடல் நத்தை. இன்னொன்று ஆஸ்திரேலியக் காடுகளில் வாழும் ஒரு சின்னப் பிராணி. பார்த்தால் எலி மாதிரி இருக்கும், ஆனால் எலி இல்லை. கங்காருவின் தூரத்துச் சொந்தம். பூச்சி, சிலந்தி, பல்லி என்று பிடித்துத் தின்னும் ஊனுண்ணி. நான் அப்போது பொன்னேரியில் முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு. சம்பந்தமே இல்லாத இரண்டு உயிர்களை எடுத்துக்கொண்டு, பிழைக்கவும் இனம் பெருக்கவும் அவை தம் உடம்பை எப்படிச் செலவழிக்கின்றன என்று வகுப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று எங்கள் பேராசிரியை சொல்லியிருந்தார். மற்றவர்கள் தேனீ, தவளை, சிலந்தி என்று எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேள்விப்படாததை எடுக்க வேண்டும் என்ற வீம்பு எனக்கு.

கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் எங்கள் வீடு. வீட்டில் மூன்று பேர். அம்மா நான் பன்னிரண்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டாள். நைனா, அதாவது எங்கள் அப்பா, ஒரு காலத்தில் நாற்று நட்டவர், வரப்பில் அண்டை வெட்டியவர். வயல் எல்லாம் மனையாகிப் போனபின் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனார். அண்ணன் ஐடிஐ முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் காண்ட்ராக்ட் ஆளாகப் பிரஸ் மிஷின் ஓட்டினான். தகட்டை உள்ளே வைத்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி அதை வடிவமாக வெட்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணும் வேலைக்குப் போகிறவள்தான். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தடாவில் ஒரு மின்சாதனக் கம்பெனியில் லைனில் நின்றாள். இருவரும் ரயிலில் பார்த்துப் பேசிப் பழகியவர்கள். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது இருந்தால் தெரிவிக்கலாம் என்று எங்கள் சர்ச்சில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே அண்ணன் டபுள் டூட்டி பார்க்க ஆரம்பித்திருந்தான். கல்யாணத்துக்கென்று மொத்தமாக லீவு வேண்டும், செலவும் இருக்கிறது என்றான். பதினாறு மணி நேர வேலை, வீட்டுக்கு வந்தால் நாலு மணி நேரத் தூக்கம், மறுபடி ஓட்டம்.

அந்த வாரம் ஒரு காலை எட்டரை மணிக்கு அவன் வேலை முடிந்து வந்து நாஷ்டாவுக்கு உட்கார்ந்தான். நான் தரையில் தாள்களைப் பரப்பிவைத்து எழுதிக்கொண்டிருந்தேன். போனில் நத்தையின் படம் இருந்தது. எட்டிப் பார்த்தான்.

"இன்னா பாப்பா இது? எலை மாதிரி கீது."

"எலை இல்ல, நத்தை. கடல்ல கீற நத்தை. பாசியத் துன்னு அதோட பச்சைய அப்படியே உடம்புல வெச்சிக்கும்."

"அதுக்கு இன்னா இப்போ?"

"ஒடம்புக்குள்ள ஒட்டுண்ணி பூந்துட்டா, கழுத்தாண்ட தானே அறுத்துக்கினு தலை மட்டும் தனியா பூடும். ஒடம்ப அங்கியே உட்டுட்டு."

அவன் இட்லியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தான். "தலை மட்டுமா? தலைய வெச்சிக்கினு இன்னா பண்ணும்?"

"மேயும். பாசியத் துன்னும். மூணு வாரத்துல புதுசா ஒடம்பு மொளைச்சிடும். இதயம், வயிறு எல்லாம்."

"அடப்பாவி! அப்போ அது?" என்று இன்னொரு தாளில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினான்.

அந்தப் பிராணியைப் பற்றிச் சொன்னேன். ஆணுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு இனப்பெருக்கக் காலம்தான். அந்தச் சில வாரங்களில் அது தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு பெண்ணைத் தேடி அலையும். ஒரு பெண்ணோடு மணிக்கணக்காக இருக்கும், பிறகு அடுத்தது. உடம்பில் ஊறும் ஏதோ ஒரு சுரப்பு அளவு மீறிப்போய், முடி கொட்டி, உள்ளேயே ரத்தம் கசிந்து, அந்தப் பருவம் முடிவதற்குள் ஆண்கள் அத்தனையும் செத்துவிடும்.

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஒண்ணு கூட மிஞ்சாது. பொண்ணுங்க மட்டும் இருந்து குட்டி போடும்."

"தூங்காமயே செத்துப்பூடுது," என்றான். பிறகு, "நம்ப ஷிஃப்ட்டு ஆளுங்க மாதிரிதான் போல," என்று அவனே சொல்லிக்கொண்டான். "நேத்து பேஜாராப் பூட்டுச்சி பாப்பா. மிஷினு நின்னு நின்னு போவுதுன்னு சென்சார எடுத்து உட்டுட்டாங்க. பீஸ் கொறையுதாம்."

சென்சார் என்பது கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்காமல் தடுக்கும் கண். எனக்கு அது தெரியும். அவனே முன்பு சொல்லியிருக்கிறான். ஆனால் நான் அப்போது ஆணின் உடல் எடை எவ்வளவு குறையும் என்ற வரியை எங்கே எழுதினேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது அவன் தட்டுக்கு முன்னாலேயே, உட்கார்ந்தபடி, வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போயிருந்தான். விரலில் சட்னி காய்ந்திருந்தது. இரண்டு நிமிடம் முன்புதான் உறக்கத்தைத் தொலைத்துச் சாகிற ஆணைப் பற்றி நான் சொல்லி முடித்திருந்தேன். என் எதிரில் இருந்தவனை அதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எழுப்பிப் பாயில் படுக்கச் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, ஆய்வகத்தில் இருந்தபோது போன் வந்தது. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பேசினார். "உங்க அண்ணனுக்குக் கைல சின்ன அடிமா, நர்சிங்ஹோம்ல சேர்த்துக்கீறோம், பெரியவர வரச்சொல்லிட்டோம்," என்றார். சின்ன அடிக்கு எதற்கு நைனாவையும் கூப்பிட்டு என்னையும் கூப்பிட வேண்டும் என்று ரயில் ஏறிய பிறகுதான் தோன்றியது. கவரைப்பேட்டையில் வண்டி நின்றபோது இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம், போனால் எல்லாம் வழக்கம்போல இருக்கும் என்று ஒரு அசட்டு எண்ணம் வந்தது. கும்மிடிப்பூண்டி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நர்சிங்ஹோமில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒட்டவைக்க ஒன்றும் மிஞ்சவில்லையாம். அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்க்க முடியாமல் நான் அவனுடைய இன்னொரு கையைப் பிடித்தேன். இடது கட்டை விரலில் ஊதா மை ஒட்டியிருந்தது.

வெளியே பெஞ்சில் இருந்த நைனாவிடம் கேட்டேன். "அது இன்னா மை, நைனா?"

"ஆபரேசனுக்குக் கையெழுத்து வேணும்னாங்க. அவன் எழுதற கை பூட்டுச்சே. அதான் ரேகை வெச்சாங்க. என்னாண்டயும் ஒண்ணு வாங்கினாங்க."

நைனாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். படிக்கத் தெரியாது. நான் சூப்பர்வைசரைத் தேடிப் போனேன். மருந்துக் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். காகிதத்தைக் காட்டச் சொன்னேன். ஃபைல் ஆபீசுக்குப் போய்விட்டது என்றார். நான் நகரவில்லை. கடைசியில் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். பாதுகாப்புக் கருவியைத் தானே கழற்றிவிட்டு, மேற்பார்வையாளர் எச்சரித்தும் கேளாமல் வேலை செய்ததால் இது நேர்ந்தது, கம்பெனிக்கு இதில் பொறுப்பில்லை என்று தமிழில் டைப் செய்திருந்தது. கீழே ஒரு ரேகை. பக்கத்தில் நைனாவின் கோணல் கையெழுத்து.

"மயக்கத்துல கீறவன் கையப் புடிச்சி அழுத்திக்கினீங்களா சார்?" என்று கேட்டேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"மயக்கம் குடுக்கறதுக்கு முந்திதாம்மா வாங்கினோம். ஃபார்மாலிட்டி. இது இல்லாட்டி அட்மிஷனே போட்டிருக்க மாட்டாங்க. எனக்கும் புள்ளகுட்டி கீதும்மா," என்றார். அது எனக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். வார்டு ஊழியர் ஒருவர் நைனாவிடம் வந்து தணிந்த குரலில், "கைய நீங்க எடுத்துக்கினு போறீங்களா, நாங்களே டிஸ்போஸ் பண்ணிடவா?" என்று கேட்டார். எனக்கு முதலில் அவர் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. நைனாவுக்கு உடனே புரிந்தது. "எடுத்துக்கினு போறேன்," என்றார். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். இந்தத் தடவை அவர் என்னிடம் நீட்டினார். "படிச்சிட்டு சொல்லு," என்றார். படித்தேன். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, அவ்வளவுதான்.

பச்சைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நைனா தன் தோள் துண்டை எடுத்து அதன் மேல் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அண்ணனின் கூட்டாளி ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நைனா பொட்டலத்தை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள், "கறியா? இந்த வெயில்ல கெட்டுப்பூடப் போவுது," என்றாள். நைனா துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் நைனாவோடு சேர்ந்து வயல் வேலை செய்தவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அடக்க நோட்டுல பேர் எழுதணுமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"வேணா," என்றார் நைனா. "அவன் உயிரோட கீறான். பேர எழுதாத."

அம்மாவின் கல்லறைக்குக் கால்மாட்டில் ஒரு முழ ஆழத்துக்கு வெட்டினார்கள். நைனாதான் மண்வெட்டியை வாங்கிக் கடைசிவரை வெட்டினார். என்ன ஜெபம் சொல்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. இறந்தவர்களுக்கான ஜெபம் சொல்லக் கூடாது. சுகவீனர்களுக்கான ஜெபத்தை நான் மெதுவாகச் சொன்னேன். நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் வைத்தோம்.

பத்து நாள் கழித்து என் கருத்தரங்கு. போகவேண்டாம் என்றிருந்தேன். அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்த அண்ணன்தான், "போய்ட்டு வா. ஊட்ல ஒருத்தராவது உருப்படியா ஒண்ணு முடிக்கட்டும்," என்றான்.

ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் நான் இன்னும் கொஞ்சம் படித்திருந்தேன். முதலில் படித்தபோது தாண்டிப்போன வரிகள் அவை. எல்லா நத்தைக்கும் உடம்பு திரும்ப முளைப்பதில்லை. இளசாக இருந்தால்தான் முளைக்கும். வயதான நத்தையும் தலையை அறுத்துக்கொண்டு போகும். ஆனால் அந்தத் தலை மேயாது. சில நாளில் செத்துவிடும். விட்டுப்போன உடம்பும் உடனே சாவதில்லை. தலை இல்லாமல் நாட்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடக்கும். தொட்டால் அசையும். அதனுள்ளே இதயம் அடித்துக்கொண்டேயிருக்கும். ஆனால் அது தனக்கொரு தலையை முளைக்க வைத்துக்கொள்ளாது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். அந்தப் பிராணியைப் பற்றியும் சொன்னேன். ஒன்று உடம்பைத் தள்ளிவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. மற்றது உயிரைத் தள்ளிவிட்டு அடுத்த தலைமுறையைக் காப்பாற்றுகிறது என்று முன்பே எழுதிவைத்திருந்த வாக்கியத்தைப் படித்து முடித்தேன்.

"அப்போ ரெண்டுல எது புத்திசாலித்தனமான வழின்னு சொல்ல வர்றீங்க?" என்று பேராசிரியை கேட்டார்.

"ரெண்டுமே யோசிச்சு எடுத்த வழி இல்ல மேடம். ரெண்டுக்கும் வேற வழி இல்ல," என்றேன்.

"அது பதில் இல்லையேம்மா. ஒப்பீடு நல்லா வந்திருக்கு. முடிவுரை பலவீனம்," என்று குறித்துக்கொண்டார். வகுப்பில் யாருக்கும் அண்ணனைப் பற்றித் தெரியாது. நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான். "இன்னா சொன்னாங்க?"

"நல்லா கீதுன்னாங்க."

அவன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெரலுங்க மூடிக்கினே கீது பாப்பா. இறுக்கமா. தொறக்கலாம்னு பாக்கறேன், தொறக்க மாட்டேங்குது. நகம் உள்ளங்கையில குத்துது." இல்லாத கையில் வலி வரும், நரம்புகள் அப்படித்தான், கொஞ்ச நாளில் குறையும் என்று டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். "அது எங்க கீது இப்போ?" என்று கேட்டான். அம்மாவிடம் இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினான். பிறகு, "அந்த எலிங்க எல்லாம் செத்துப்பூடுதே, தப்பு உன் மேலதான்னு அதுங்களாண்ட யாராவது எழுதி வாங்கிக்கினு போவாங்களா?" என்றான். நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. தள்ளிவைத்திருக்கிறோம் என்று ஃபாதரிடம் சொல்லியிருந்தோம். ஒரு ஞாயிறு காலை பெண்ணின் அப்பா தனியாக வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை. அண்ணன் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, உன்னக் கொறையாப் பேச வரல. அவ பிடிவாதமா கீறா, கட்டினா உன்னத்தான்னு. நான் சொன்னா கேக்கல. நீயே வேணான்னு சொல்லிடு. நீ சொன்னா கேப்பா." அவர் அழுதார். நல்ல மனிதர்தான். அதனால்தான் அவரைத் திட்டக்கூட முடியவில்லை. போகும்போது என்னைப் பார்த்து, "நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம்மா. ஒன்னாண்டயும் கேட்டுக்கறேன்," என்று கும்பிட்டார். நான் தலையாட்டினேன்.

அதே நாள் சாயங்காலம் அவள் வந்தாள். ஷிஃப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு. பையில் ஆரஞ்சுப் பழம். அண்ணன் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எனக்கு இஷ்டம் இல்ல. நீ கெளம்பு," என்றான்.

"கையி போனதுக்காகப் பேசறியா?"

"கைக்காக இல்ல. மின்னாடியே இஷ்டம் இல்ல. சொல்ல வாய் வரல. இப்போ சொல்றேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் மூஞ்சப் பாத்து சொல்லு," என்றாள். அவன் திரும்பி, முகத்தைப் பார்த்து, அதே வார்த்தைகளை மறுபடி சொன்னான்.

நான் அவளோடு மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன். அவள் அழவில்லை. "மெய்யாவா? மின்னாடியே இஷ்டம் இல்லாமயா என்னாண்ட பேசிக்கினு இருந்தாரு?" என்று ஒரு தடவை கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப்பின் நடந்தவை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ரேகை எப்போது, எப்படி வாங்கப்பட்டது என்று நான் மனு எழுதினேன். தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தேன். அண்ணனின் பெயரே வேலைக்காரர்கள் பட்டியலில் இல்லை என்று கம்பெனித் தரப்பில் சொன்னார்கள். பட்டியலில் இல்லாதவனிடம் எதற்கு ரேகை வாங்கினீர்கள் என்று நான் கேட்டேன். அடுத்த தேதி குறித்துக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் தேதி மேல் தேதியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அண்ணன் இப்போது வேப்பம்பட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் உட்கார்கிறான். வருகிற வண்டிகளின் எண்ணை இடது கையால் எழுதுகிறான். எழுத்து பரவாயில்லை. நைனா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அண்ணனின் கல்யாணப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர்.

போன மாதம் பள்ளி முடிந்து பொன்னேரியில் ரயில் ஏறினேன். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். கல்யாணமாகி மீஞ்சூரில் இருப்பதாகவும், அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். குழந்தையின் காலைத் தொட்டேன். "அவரு நல்லா கீறாரா?" என்று கேட்டாள்.

அப்போது அவள் அப்பா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதையும் அவளே சொன்னாள். இனி யாருக்காக அடக்கிவைப்பது என்று தோன்றியது. அன்று காலை அவர் வந்ததையும், தரையில் உட்கார்ந்து அழுததையும், அண்ணன் சொன்னது பொய் என்பதையும், எனக்கு அப்போதே எல்லாம் தெரியும் என்பதையும் சொன்னேன். வண்டி சத்தத்தில் அவள் காதோரம் குனிந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"நீ அன்னிக்கி ரோடு வரைக்கும் என் கூடவே நடந்து வந்தியே," என்றாள்.

கவரைப்பேட்டை வந்துவிட்டது. இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியது. அண்ணனிடம் அவளையும் குழந்தையையும் பார்த்ததாக மட்டும் சொன்னேன். குழந்தை யார் ஜாடை என்று கேட்டான். அவள் ஜாடைதான் என்றேன்.